உப்புச்சாற்றின் தண்ணீரைக் கொட்டாதீர்கள்: எங்கள் மாவட்டச் சமையலைத் தொகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் சமையலைத் திரட்டி நூலாகவும் காணொளியாகவும் வெளியிடுவோருக்கும், அவற்றை அச்சிடும் பதிப்பாளர்களுக்கும்,

அன்புடையீர், வணக்கம்.

சென்ற தை மாதம் ஒரு பிற்பகலில், பாலக்கோட்டுக்கு அருகே உள்ள எங்கள் பெரியம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, உங்களில் ஒருவர் வெளியிட்ட சமையல் நூலை அவருக்கு வாசித்துக் காட்டினேன். பெரியம்மாவுக்கு 78 வயது. எழுதப் படிக்கத் தெரியாது. அந்த நூலுக்காக இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் வீட்டுக்கு ஆட்கள் வந்திருந்தார்கள். அரை நாள் இருந்து, அவர் சமைத்ததைப் படம் பிடித்து, சொன்னதை எழுதிக்கொண்டு, சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். நூல் வந்ததா என்று பெரியம்மா யாரையும் கேட்டதில்லை. பேரன்தான் தற்செயலாக ஒரு கடையில் பார்த்து வாங்கி வந்திருந்தான்.

உப்புச்சாறு என்ற தலைப்பு வந்ததும் அவர் முகம் மலர்ந்தது. அவரைக்கொட்டையும் துவரம் பருப்பும் வெந்ததும் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும் என்று அதில் அச்சாகியிருந்தது. பெரியம்மா கையை உயர்த்தி நிறுத்தினார். மறுபடி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். உரித்துக்கொண்டிருந்த அவரைக்காயை முறத்தில் போட்டுவிட்டு, “சாற்றைக் கொட்டிவிட்டால் அப்புறம் உப்புச்சாறு எங்கே இருக்கிறது?” என்றார்.

எங்கள் ஊர்ச் சாப்பாடு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கொட்டையோ கீரையோ பருப்போடு உப்புப் போட்டு வெந்த அந்தத் தண்ணீர்தான் உப்புச்சாறு. சுட்ட மிளகாயும் பூண்டும் சீரகமும் புளியும் சேர்த்து அரைத்த காரத்தைத் தனியாக வைத்துக்கொண்டு, களியின் நடுவே குழித்து, சாற்றை ஊற்றி, காரத்தைத் தொட்டுக் கரைத்துச் சாப்பிட வேண்டும். வடித்த கொட்டை தொட்டுக்கொள்ள. அந்த நூலை நம்பிச் சமைத்த ஒருவர், உணவைச் சாக்கடையில் ஊற்றிவிட்டுச் சக்கையைத் தட்டில் வைத்திருப்பார்.

பக்கத்தின் கீழே, இது தலைமுறை தலைமுறையாகத் தங்கள் வீட்டில் செய்யும் உணவு என்று தொகுத்தவர் எழுதியிருந்தார். பெரியம்மாவின் பெயர் எங்கும் இல்லை. முன்னுரையில் ‘கிராமத்துப் பெண்கள் பலருக்கும்’ ஒரு வரி நன்றி இருந்தது. அதையும் வாசித்தேன். அவர் அதைப் பொருட்படுத்தவே இல்லை. “பெயர் போகட்டும். சாற்றை எதற்குக் கொட்டச் சொன்னார்கள்? அதைப் போய்க் கேள்” என்றார்.

கேட்கத்தான் இந்த மடல். ஆனால் பெரியம்மா ஒன்றை விட்டுக்கொடுத்து மற்றதை மட்டும் கேட்கிறார். நான் இரண்டையும் சேர்த்துக் கேட்கிறேன். அவர் பெயரை எடுத்துவிட்டதும் சாற்றைக் கொட்டச் சொன்னதும் ஒரே பிழை என்று நினைக்கிறேன். அவர் பெயரைப் போட வேண்டும் என்றிருந்தால், அச்சுக்குப் போகும் முன் ஒருமுறையாவது அவரிடம் வாசித்துக் காட்டியிருப்பீர்கள். அவர் அன்றே கையை உயர்த்தி நிறுத்தியிருப்பார்.

நான் சத்துணவு அமைப்பாளராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தொடக்கப்பள்ளிக் குழந்தைக்கு 100 கிராம் அரிசி, நடுநிலை வகுப்புக் குழந்தைக்கு 150 கிராம் என்று நிறுத்துக் கொடுத்துப் பழகிய கை. பருப்பு, எண்ணெய், உப்பு எல்லாவற்றுக்கும் தலைக்கு இவ்வளவு என்று அளவு உண்டு. வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பெருக்கி, அதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஒரு நாள் சாம்பாரில் உப்புக் கூடினால் நூறு குழந்தைகள் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போவார்கள். அன்று யார் நிறுத்தார், யார் போட்டார் என்று எனக்குத் தெரியும். மறுநாள் திருத்தி விடுவோம். எழுதிய அளவும் எழுதியவரின் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால்தான் பிழையைப் பிடிக்க முடிந்தது. சமையல் குறிப்புக்கும் அதுவேதான் வேண்டும் என்கிறேன்.

ஓய்வு பெற்ற பின் எங்கள் மாவட்ட உணவுகளைப் பற்றிக் கிடைத்த நூல்களையும் சிறு வெளியீடுகளையும் வாங்கி, ஒவ்வொன்றாகச் சமைத்துப் பார்க்கத் தொடங்கினேன். கொள்ளுக் கடையல் ஒன்றில் இரண்டு மேசைக்கரண்டி உப்பு என்று இருந்தது. நான்கு பேருக்கான கடையலுக்கு அது வாயில் வைக்க முடியாத அளவு. தேக்கரண்டி 5 மில்லி, மேசைக்கரண்டி 15 மில்லி. எழுதியவர் ஒன்றை மற்றதாக எழுதிவிட்டார். அது மனிதர்க்கு இயல்பு. ஆனால் அதே கடையல், அதே இரண்டு மேசைக்கரண்டி உப்போடு, வேறு வேறு பெயர்களில் மேலும் மூன்று வெளியீடுகளில் இருந்தது. தேர்வுத்தாளில் ஒரே தப்பு நான்கு பேரிடம் இருந்தால் ஆசிரியர் என்ன முடிவுக்கு வருவாரோ, அந்த முடிவுக்குத்தான் நானும் வந்தேன். அந்த நால்வரில் ஒருவராவது அடுப்பில் சட்டி வைத்திருந்தால் உப்பு அங்கேயே நின்றிருக்கும்.

நல்ல குறிப்பு எது, நம்பக்கூடாதது எது என்று வீட்டில் இருப்பவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பது? என்னிடம் பலர் கேட்கிறார்கள், முக்கியமாகப் புதிதாகத் திருமணமாகி வந்த பெண்கள். 2023 மே மாதம் தருமபுரி, நீலகிரி மாவட்டங்களில் ரேஷன் கடையில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். கேழ்வரகு விளையும் மாவட்டம்தான் எங்களுடையது; இருந்தும் அரிசிச் சோற்றிலேயே வளர்ந்துவிட்ட ஒரு தலைமுறைக்குக் களி கிண்டத் தெரியவில்லை. தானியத்தை மில்லில் கொடுத்து அரைத்து வந்தவர்கள் கைபேசியைத் திறந்து பார்த்தார்கள். ஒரு கப் மாவுக்கு ஒன்றரைக் கப் தண்ணீர் என்றது ஒன்று, மூன்று கப் என்றது இன்னொன்று. கப் என்றால் 200 மில்லியா 240 மில்லியா என்று இரண்டுமே சொல்லவில்லை. நொய் போட்டுக் கிண்டும் களிக்குத் தண்ணீர் கூட வேண்டும், வெறும் மாவுக் களிக்குக் குறைவாக வேண்டும். இரண்டும் வேறு வேறு களி என்பதையும் சொல்லவில்லை. முளைகட்டி அரைத்த மாவில் களி கிண்டினால் இளகிக்கொண்டு ஓடும், அதற்குக் கஞ்சிதான் பொருத்தம் என்பதையும் யாரும் எழுதவில்லை. கட்டி தட்டிய களியைக் குப்பையில் போட்டுவிட்டு, எனக்குக் கைவரவில்லை அத்தை என்று அந்தப் பெண்கள் தங்களையே நொந்துகொண்டார்கள். கையில் ஒரு குறையும் இல்லை, எழுத்தில்தான் குறை என்று அவர்களிடம் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

இன்னொன்றும் உண்டு. ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 97 டிகிரியை ஒட்டிக் கொதித்துவிடும். கடற்கரை ஊரில் பார்த்து எழுதிய நேரத்துக்குத் திறந்த பாத்திரத்தில் துவரம் பருப்பு அங்கே மலராது. எலுமிச்சை அளவு புளி என்று எழுதுகிறீர்கள். பழம்புளியா புதுப்புளியா என்று எழுதுவதில்லை. புளி வியாபாரம் நடக்கும் மாவட்டங்களில் வாழும் எங்களுக்கு இரண்டுக்கும் உள்ள தூரம் தெரியும். எங்கே சமைத்தது, எந்தப் பொருளில் சமைத்தது என்பது குறிப்பின் ஒரு பகுதி. அது இல்லாத குறிப்பு முகவரியில்லாத கடிதம்.

வாய்க்குப் பிடிக்காமல் போவதோடு முடிந்தால் நான் இவ்வளவு நீட்டியிருக்க மாட்டேன். மரவள்ளிக் கிழங்கை எண்ணித்தான் அஞ்சுகிறேன். எங்கள் மாவட்டத்தில் ஜவ்வரிசி ஆலைகளுக்காகவே ஏராளமாகப் பயிரிடுகிறார்கள். மரவள்ளியில் லினாமரின் என்ற பொருள் இருக்கிறது. கிழங்கை வெட்டும்போதும் நசுக்கும்போதும் அதிலிருந்து சயனைடு வெளிப்படும். கசப்பு ரகங்களில் அது மிகுதி. வீட்டில் தின்பதற்கு எது, ஆலைக்கு எது என்று விவசாயக் குடும்பத்தாருக்குத் தெரியும். தோலோடு உள்பட்டையையும் சேர்த்து உரித்து, சிறு துண்டுகளாக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும். கசந்தால் துப்பிவிட வேண்டும். ஒரு குறிப்பில் கிழங்கைக் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு வேகவைத்து, சத்து வீணாகாமல் அந்தத் தண்ணீரிலேயே குழம்பு கூட்டச் சொல்லியிருந்ததைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது.

கொட்டக் கூடாத தண்ணீரைக் கொட்டச் சொல்லியிருக்கிறது. கொட்ட வேண்டிய தண்ணீரைக் குடிக்கச் சொல்லியிருக்கிறது. பெரியம்மாவைக் கேட்டிருந்தால் இரண்டுக்கும் ஒரே நொடியில் பதில் சொல்லியிருப்பார்.

இனி உரிமை. நான் வழக்கறிஞர் இல்லை. ஆனால் இந்த நூல் விவகாரத்துக்குப் பிறகு சட்டம் தெரிந்தவர்களைக் கேட்டும் சட்டப் பிரிவுகளைப் படித்தும் புரிந்துகொண்டதை எழுதுகிறேன். முதலில் ஒரு சொல் குழப்பம்: பதிப்புரிமை வேறு, காப்புரிமை வேறு. எழுத்து, படம், ஒலி போன்றவற்றுக்குப் பதிப்புரிமை. புதுக் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை.

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் எழுதிய சொற்களைக் காக்கிறது. சொற்களுக்குப் பின்னால் உள்ள கருத்தைக் காப்பதில்லை. ஒரு நாடகத்துக்கும் ஒரு திரைப்படத்துக்கும் இடையே எழுந்த வழக்கில், கருத்துக்கும் கருப்பொருளுக்கும் பதிப்புரிமை கிடையாது, அது வெளிப்பட்ட வடிவத்துக்கே உண்டு என்று 1978-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே அவரைக்கொட்டை இத்தனை கிராம், மிளகாய் இத்தனை என்ற வெறும் பட்டியலுக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. சமைக்கும் முறைக்கும் அப்படித்தான். ஒருவர் அந்த முறையைத் தன் நடையில் விளக்கி எழுதிய பத்திகளும், எடுத்த புகைப்படமும், நூலாக அடுக்கிய தேர்வும் அவருக்கு உரியவை. அவர் காலத்துக்குப் பின்னும் எழுத்துக்கான உரிமை 60 ஆண்டுகள் நீடிக்கும். பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. எழுதிய நொடியிலேயே உரிமை பிறந்துவிடுகிறது.

இதில் எங்கள் பெரியம்மா எங்கே நிற்கிறார்? அவர் வாயால் சொன்னார், நீங்கள் எழுதினீர்கள். சட்டத்தின் கண் எழுத்தின் பக்கமே போகிறது. எழுதத் தெரியாத ஒருவர் 60 ஆண்டுகள் அடுப்படியில் சேர்த்த அறிவு, எழுதத் தெரிந்த ஒருவர் அரை நாளில் எழுதிய பத்திக்குள் போய்விடுகிறது, பத்தி அவருடையதாகிவிடுகிறது. இது சட்டவிரோதம் என்று நான் சொல்லவரவில்லை. சட்டம் தடுக்கவில்லை என்பதாலேயே நேர்மையாகிவிடாது என்றுதான் சொல்கிறேன்.

காப்புரிமையாலும் எங்களுக்குக் கேடு வராமல் இல்லை. 1995-இல் அமெரிக்காவில், காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ மையம் காப்புரிமை வாங்கியது. அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் மஞ்சள் போடுகிற வீட்டில் குழந்தைக்கு முட்டி பெயர்ந்தால் முதலில் கை போவது மஞ்சள் டப்பாவுக்குத்தான். நம் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழு அதை எதிர்த்துப் போராடி, 1997-இல் அந்தக் காப்புரிமை நீக்கப்பட்டது. எதை வைத்து வென்றார்கள் என்பதைக் கவனியுங்கள். 32 எழுத்துச் சான்றுகள். பழைய சமஸ்கிருத நூல் முதல் 1953-இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரை வரை. எங்கள் பாட்டி போட்டார் என்று கோடிப் பேர் சாட்சி சொல்லியிருந்தாலும் அந்த அலுவலகத்தில் எடுபட்டிருக்காது. தேதியோடு எழுதி வைத்ததே காப்பாற்றியது. அந்தப் பாடத்துக்குப் பின் 2001-இல் பாரம்பரிய அறிவு மின்நூலகம் தொடங்கினார்கள். சித்தம், ஆயுர்வேதம், யுனானி நூல்களில் உள்ளவை அதில் ஏறின. பாரம்பரிய அறிவாகவே உள்ள ஒன்றுக்குக் காப்புரிமை தரக்கூடாது என்று நம் காப்புரிமைச் சட்டத்திலும் இப்போது இருக்கிறது. ஆனால் பெரியம்மாவின் அடுப்படி எந்த ஓலைச்சுவடியிலும் இல்லை. அதை எழுத வேண்டியவர்கள் நீங்கள்தான். உங்கள் வேலையை நான் மதிப்பதற்குக் காரணமே அதுதான்.

புவிசார் குறியீடு வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கும் 2019-இல் கிடைத்தது, கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-இல். அது அந்த ஊர்ப் பெயரைக் காக்கும். பாலக்கோட்டில் வெல்லப்பாகு காய்ச்சி யார் வேண்டுமானாலும் கடலை மிட்டாய் போடலாம். கோவில்பட்டி என்று ஒட்டி விற்கத்தான் கூடாது. செய்முறையை அது யாருக்கும் சொந்தமாக்கவில்லை. அது நல்லதுதான்.

ஏனென்றால், உணவை வேலி போட்டு வைக்கும் உரிமை எங்களுக்கும் கிடையாது. நாங்கள் களி என்பதை ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் கன்னடம் பேசும் வீடுகளில் முத்தே என்கிறார்கள், தெலுங்கு பேசும் வீடுகளில் சங்கட்டி என்கிறார்கள். உப்புச்சாறும் கன்னட வீட்டில் உப்புசாருதான். யாரிடமிருந்து யார் கற்றார்கள் என்று பிரிக்கப் போனால் மூன்று மொழிகளிலும் சம்பந்தம் செய்த குடும்பங்களைப் பிரிக்க வேண்டும். இன்னும் தள்ளிப் போனால், கேழ்வரகே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்தில் பயிராகிப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கே வந்தது. மிளகாயும், இராயக்கோட்டைச் சந்தையில் குவியும் தக்காளியும், மரவள்ளியும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. தகடூரை ஆண்ட அதியமானின் முன்னோர் கரும்பை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தார்கள் என்று ஔவையார் புறநானூற்றில் பாடுகிறார். இதில் எனக்குப் பிடித்தது, கரும்பு வெளியிலிருந்து வந்தது என்பதை மறைக்காமல், கொண்டுவந்தவர்களைச் சொல்லியே பாடியிருப்பதுதான். இரண்டாயிரம் ஆண்டுகளாக அந்தப் பெயர் கரும்போடு சேர்ந்து வருகிறது.

அந்த அளவு மரியாதையைத்தான் எதிர்பார்க்கிறேன். உப்புச்சாறு பெரியம்மாவின் சொத்து என்று நான் வாதாடவில்லை. இந்த உப்புச்சாறு, இத்தனை மிளகாயும் இவ்வளவு புளியுமாக, இந்த வீட்டில் இந்த நாளில் செய்தது, இன்னார் சொன்னது என்று எழுதுங்கள். தலைமுறை தலைமுறையாக எங்கள் வீட்டில் என்று இன்னொருவர் வீட்டை எழுதாதீர்கள்.

பெயர் போட வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் சொன்னவருக்கு உண்டு. இந்த மடலில் பெரியம்மாவின் பெயர் இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். கேட்டேன், இப்போது வேண்டாம், நூலில் சரியாகப் போட்டால் அப்போது போடட்டும் என்றார். கேட்பதற்கு எனக்கு ஒரு நிமிடம்தான் ஆனது.

சிலர் வாயைத் திறக்க மாட்டார்கள். ஒகேனக்கல்லில் நாம் வாங்கிக் கொடுக்கும் மீனைச் சமைத்துத் தரும் பெண்களிடம் மசாலாவில் என்ன போடுகிறீர்கள் என்று கேட்டால் சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றுவார்கள். அது அவர்கள் பிழைப்பு. தொழில் இரகசியத்துக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. ஒப்பந்தம் எழுதிக்கொண்டால் அந்த ஒப்பந்தமே காவல், இல்லாவிட்டால் வாயை மூடிக்கொள்வதே காவல். படம் எடுக்கிற சாக்கில் அரைவைக் கல்லின் மேல் குனிந்து பார்த்துக் குறித்துக்கொள்வதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஒரு முறை கண்ணால் பார்த்தேன், அதனால் எழுதுகிறேன்.

சொல்ல விரும்புகிறவர்களிடம் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். எதற்காக எடுக்கிறீர்கள், நூலுக்கா, காணொளிக்கா, மசாலா நிறுவனத்துக்கா? விற்றால் அவருக்கு என்ன? பெயர் வருமா? எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் வீட்டில் படித்த பிள்ளையைப் பக்கத்தில் வைத்து வாசித்துக் காட்டுங்கள். ஒரு பிரதி அவர் கையில் இருக்கட்டும்.

இந்த இடத்தில் எங்கள் மகளிர் குழுப் பெண்களிடமும் ஒரு வார்த்தை. சிறுதானிய மாவும் ஊறுகாயும் தயாரித்து விற்கும் குழுக்கள் பல, தங்கள் குறிப்புகளைத் தாங்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படி எழுதியது உங்கள் எழுத்து. அதை நூலில் போட ஒருவர் உரிமை கேட்டால், எழுத்தில், கையெழுத்தோடுதான் கொடுக்க முடியும். வாய்வார்த்தையால் உரிமை மாறாது. தாளில் காலம் எழுதாவிட்டால் சட்டப்படி 5 ஆண்டுகள் என்று கொள்ளப்படும். எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். உரிமையை விற்ற பிறகும், எழுதியது நான்தான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை எழுதியவரை விட்டுப் போகாது. ஆகவே சமையல் போட்டிக்குக் கொடுக்கும் படிவத்தில் பொடி எழுத்தில் உள்ளதைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள் அம்மா. உங்கள் நோட்டில் ஒவ்வொரு குறிப்பின் மேலும் தேதி எழுதுங்கள். உங்கள் மாமியாரிடம் கற்றது என்றால் அவர் பெயரையும் எழுதுங்கள். நீங்களே அதை மறைத்துவிட்டுப் பிறரைக் குறை சொல்ல முடியாது.

திரும்பவும் உங்களிடம் வருகிறேன். அளவைக் கிராமிலும் மில்லியிலும் எழுதுங்கள். பக்கத்திலேயே ஆழாக்கு, கைப்பிடி, நெல்லிக்காயளவு என்று சொன்னவரின் சொல்லையும் விடாமல் எழுதுங்கள். தராசு ஒன்றைக் கையோடு கொண்டுபோய், அவர் கைப்பிடியை அந்தத் தராசில் போடச் சொன்னால் தெரிந்துவிடும். பெரியம்மாவின் ஒரு பிடி அவரைக்கொட்டை 65 கிராம். என் பிடி 50. அச்சிடும் முன், அந்த உணவை ஒருமுறையும் பார்த்திராத ஒருவரிடம் குறிப்பை மட்டும் கொடுத்துச் சமைக்கச் சொல்லுங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே எழுத்தில் ஓட்டை. பிறகு, சொன்னவரிடம் போய் வாசித்துக் காட்டுங்கள். நூல் வந்ததும் இரண்டு பிரதிகள் அவர் வீட்டுக்கு, ஒன்று மாவட்ட மைய நூலகத்துக்கு. இதற்கெல்லாம் நேரமும் பணமும் ஆகும் என்பது தெரியும். நூலில் உணவுகள் பாதியாகக் குறைந்தாலும் குறையட்டும். நூறு குறிப்புகளில் எதை நம்புவது என்று தெரியாமல் தவிப்பதைவிட முப்பதை நம்பிச் சமைக்கலாம்.

நான் கேட்பது எப்படி இருக்கும் என்று காட்ட, பெரியம்மாவின் அனுமதியோடு அந்தக் குறிப்பையே கீழே எழுதுகிறேன். சொன்னவர்: எங்கள் பெரியம்மா, பாலக்கோடு வட்டாரம், தம் மாமியாரிடம் கற்றது. அவர் கண்ணளவில் போட்டதை நான் நிறுத்துக் குறித்தேன். நான் இரண்டு முறையும், களி மட்டும் தெரிந்த என் மருமகள் ஒரு முறையும் சமைத்துப் பார்த்தோம். நால்வருக்குப் போதும்.

உரித்த பச்சை அவரைக்கொட்டை 200 கிராம், அதாவது பெரியம்மாவின் கையால் மூன்று பிடி. துவரம் பருப்பு 50 கிராம். ஒன்றேகால் லிட்டர் தண்ணீர் கொதித்ததும் பருப்பைப் போட்டு, அது பாதி வெந்ததும் கொட்டையையும் இரண்டு தேக்கரண்டி உப்பையும் போட வேண்டும். கொட்டை குழையாமல், விரலால் நசுக்கினால் நசுங்க வேண்டும். சாற்றைத் தனிப் பாத்திரத்தில் வடித்து மூடி வைக்கவும்.

காரத்துக்கு வரமிளகாய் 6, தோலோடு பூண்டு 6 பல், சின்ன வெங்காயம் 6. மூன்றையும் வெறும் சட்டியில், எண்ணெய் இல்லாமல், ஆங்காங்கே கருகும் வரை வாட்டிப் பூண்டையும் வெங்காயத்தையும் உரித்துக்கொள்ளவும். மல்லி இரண்டு தேக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி, மிளகு அரைத் தேக்கரண்டி, லேசாக வறுக்கவும். பழம்புளி 10 கிராம், சின்ன நெல்லிக்காயளவு; புதுப்புளி என்றால் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். தேங்காய் 30 கிராம். இவற்றோடு வெந்த கொட்டை ஒரு கரண்டி சேர்த்து, சாற்றையே தெளித்துக் கெட்டியாக அரைக்கவும். பெரியம்மா அம்மியில் அரைத்தார், நான் மிக்ஸியில். அம்மியில் அரைத்தது நன்றாக இருந்தது. மீதிக் கொட்டையைக் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து வதக்கிக்கொள்ளவும். தட்டில் களி, குழியில் சூடான சாறு, ஓரத்தில் காரம். எவ்வளவு கரைப்பது என்பது சாப்பிடுகிறவர் விருப்பம்.

அந்த நூல் இரண்டாம் பதிப்பு காணப் போவதாகக் கேள்விப்பட்டேன். மெய்ப்பு வந்ததும் சொல்லுங்கள். பெரியம்மா வீட்டுத் திண்ணை உங்களுக்குத் தெரிந்த இடம்தான். பிற்பகல் மூன்று மணிக்குமேல் அவர் ஓய்வாக இருப்பார். நானும் வந்து உட்கார்ந்து வாசித்துக் காட்டுகிறேன்.